தேத்தண்ணி மண்டாடியின் ஆஸ்பத்திரி நாட்கள்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. விபூதிப் புதன் காலைப் பூசையில் என் அண்ணன் சவிரிமுத்து, உயிர்த்த ஞாயிறு வரைக்கும் சாராயம் தொடுவதில்லை என்று நேர்த்தி வைத்தார்.
2. அன்றைக்கே ஒருசந்தியும் பிடித்தார். தண்ணீரும் கொஞ்சக் கஞ்சியும் தவிர வேறொன்றும் உள்ளே போகவில்லை.
3. வியாழக்கிழமை கை நடுங்கியது. நித்திரை வரவில்லை.
4. வெள்ளிக்கிழமை பின்னேரம் சிலுவைப்பாதை நடக்கும்போது கோயிலுக்குள் விழுந்து வலிப்பு வந்தது.
5. பேய் புறப்படுகிறது, நேர்த்தி பலிக்கிறது என்று சனம் தீர்த்தம் தெளித்துச் செபம் சொன்னது.
6. சனிக்கிழமை விடியப் பங்குச் சுவாமி வந்து பார்த்து, "இது என்ரை வேலை இல்லை, டொக்டரின்ரை வேலை" என்று மீன் லொறியில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்.
7. அங்கே டொக்டர், "ஆள் குடிக்கிறவரோ?" என்று கேட்டார். வீட்டார் இல்லை என்றார்கள்.
8. அண்ணன் சாகவில்லை.

ஏழாவதுதான் அண்ணனைக் கொல்லப் பார்த்தது. இதே தவறு இன்னொரு வீட்டில் நடக்கக்கூடாது என்பதற்காக, அண்ணனின் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

நாங்கள் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர்கள். அண்ணன் கரைவலை மண்டாடி. அதாவது, கரையில் நின்று கடலின் நிறத்தைப் பார்த்து, மீன் எங்கே நிற்கிறது, வலையை எப்படி வளைப்பது என்று சொல்கிறவர். அவர் கை காட்டினால்தான் தோணி போகும். பெற்றோர் இல்லாத தங்கச்சியான என்னைக் கொன்வென்டில் படிப்பித்து, கொழும்புக்கு அனுப்பி, ஆய்வுகூடத் தொழில் பயில வைத்தவர் அவர்தான். அந்த வருடம் நான் வவுனியா அரசாங்க ஆஸ்பத்திரியில் இரத்தமும் சிறுநீரும் சோதிக்கும் வேலையில் இருந்தேன்.

அண்ணன் குடித்துவிட்டு ஆர்ப்பாட்டம் செய்கிற மனிதரல்ல. ஆனால் காலையில் ஒரு மிடறு இல்லாமல் சேர்ட்டுப் பொத்தானைப் பூட்ட அவர் கையால் முடியாது. இதற்கு எங்கள் கரையின் வழக்கமும் ஒரு காரணம். வலை ஏறியதும் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டி, கரையிலுள்ள வலைகாரரின் கொட்டிலான வாடிக்குச் சாராயம் அனுப்புவார். முதல் கிளாஸ் மண்டாடிக்கு. அவர் குடித்த பிறகுதான் மற்றவர்கள் குடிக்கலாம். அதனால் மண்டாடி குடியாத நாளென்று ஒன்று இல்லை, உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலத்தைத் தவிர. தவக்காலத்தில் வலைகாரர் எல்லாரும் நேர்த்தி வைப்பார்கள். அதற்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. நேர்த்தி வைத்த வீட்டில் உயிர்த்த ஞாயிறு வரைக்கும் குடியின் பெயரை ஒருவரும் வாயால் எடுக்கக்கூடாது. எடுத்தால் நேர்த்தி கலைந்துவிடும்.

முந்திய வருடங்களில் அண்ணன் களவாகக் குடித்துச் சமாளித்திருக்கிறார். அந்த வருடம் அவர் உண்மையாகவே நேர்த்தி வைத்தார்.

சனிக்கிழமை காலை வார்ட்டிலிருந்து ஆய்வுகூடத்துக்கு இரத்தம் தடவிய ஒரு கண்ணாடித் துண்டு வந்தது. காய்ச்சலும் வலிப்பும், மலேரியாவா என்று பார்க்கவேண்டும் என்று கூட வந்த கடதாசியில் எழுதியிருந்தது. வீடுவீடாக மருந்தடித்து நுளம்பைக் குறைத்திருந்த காலம்தான், என்றாலும் வன்னியில் காய்ச்சல் என்றால் முதலில் அதைத்தான் பார்ப்போம். பெயர் சவிரிமுத்து. எங்கள் பக்கத்தில் கல்லெறிந்தால் ஒரு சவிரிமுத்துவில் படும். அடுத்த வரியில் இருந்த ஊரும் வயதும் அண்ணனுடையவை. கை தானாகச் சாயத்தை ஊற்றியது. கழுவிக் காயவைத்து, நுணுக்குக்காட்டியில் விளிம்பிலிருந்து விளிம்பு வரை பார்த்தேன். கிருமி இருக்கவேண்டும் என்று மன்றாடிக்கொண்டு கிருமி தேடியது அந்த ஒரு நாள்தான். மலேரியா என்றால் மருந்து இருக்கிறது. ஒன்றும் இல்லை. இரத்தம் சுத்தமாக இருந்தது.

வார்ட்டுக்கு ஓடினேன். அண்ணனைக் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைத் தெரியவில்லை. டொக்டர் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்று முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். அண்ணனின் மனைவி ஞானம்மா மச்சாள் விறாந்தையில் செபமாலையோடு இருந்தா. லொறியில் மீன் பெட்டிகளுக்கு நடுவே அவரை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறா. சீலையெல்லாம் ஐஸ் தண்ணீர்.

"மச்சாள், அண்ணை குடிக்கிறவரோ எண்டு டொக்டர் கேட்டவரோ?"

"கேட்டவர்."

"என்ன சொன்னனீங்கள்?"

"இல்லையெண்டனான்."

"ஏன் மச்சாள்?"

"நேர்த்தி வைச்ச வீடு. அந்தப் பேரை நான் வாயாலை எடுத்தால் அவற்றை நேர்த்தி என்னத்துக்காகும்? மனுசன் சாகக் கிடக்கேக்கை அதையும் நான் கலைக்கிறதோ? நீர் படிச்சனீர், உமக்குத் தெரியாதோ?"

"நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லப்போறன்."

மச்சாள் கொஞ்ச நேரம் செபமாலை மணியை உருட்டினா. பிறகு குரலைத் தாழ்த்தி, "நீர் சொல்லும். நீர் இப்ப அந்த வீட்டிலை இல்லைத்தானே" என்றா.

நான் உள்ளே போய்ச் சொன்னேன். டொக்டர் கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்தார்.

"எப்ப விட்டவர்?"

"புதன்கிழமை."

"ஒரேயடியாயோ?"

"ஓம் டொக்டர். சாப்பாட்டையும் விட்டவர்."

"கடவுளுக்குச் சொல்லிப்போட்டு விட்டிருக்கிறார், சரி. உடம்புக்கும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் பகிடியில்லை.

அந்த நோயின் பெயர் டெலீரியம் ட்ரெமென்ஸ். நான் விளங்கிக்கொண்ட மாதிரி எழுதுகிறேன். சாராயம் மூளையை அமர்த்துகிற பொருள். பல வருடம் தினமும் குடிக்கிறவரின் மூளை, அந்த அமர்த்தலுக்கு எதிராக எந்நேரமும் உந்திக்கொண்டு வேலை செய்யப் பழகிவிடுகிறது. சாராயத்தைத் திடீரென நிறுத்தினால் அமர்த்தல் போய்விடும், உந்தல் மட்டும் நிற்கும். முதலில் நடுக்கம், பிறகு வலிப்பு, அதன் பிறகு காய்ச்சலும் சித்தக் கலக்கமும். இல்லாதவை கண்ணுக்குத் தெரியும். பட்டினியும் சேர்ந்தால் நரம்புக்கு வேண்டிய பி-ஒன் உயிர்ச்சத்து வற்றிவிடும். கவனிக்காவிட்டால் ஆள் இறந்துபோகலாம். கொஞ்சமாகக் குடிக்கிறவருக்கு இது வராது. அதனால்தான் தவக்காலத்தில் மற்ற வலைகாரருக்கு ஒன்றும் நடப்பதில்லை.

மருந்து மூன்று: நாளத்தில் குளுக்கோஸ் நீர், பி-ஒன் ஊசி, அமர்த்துவதற்குப் பரால்டிஹைட் என்ற ஊசி. அந்தக் கடைசி மருந்து மூச்சு வழியாகவும் வெளியேறும். அப்போது வாயில் புளித்த சாராயம் மாதிரி ஒரு நெடி அடிக்கும். பார்க்க வந்தவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "இஞ்சையும் ஆரோ கொண்டுவந்து குடுத்திருக்கினம்" என்று குசுகுசுத்தார்கள். மச்சாள் அவர்கள் ஒவ்வொருவருக்கும் அந்த மருந்தின் பெயரைத் தப்பில்லாமல் சொல்லிக் கொடுத்தா. எனக்கு அந்தப் பெயரை மனப்பாடமாக்க ஒரு தவணை எடுத்தது.

மருந்து பிடிக்கும் வரையான பின்னேரம்தான் கொடியது. அண்ணன் வார்ட்டில் வலை இழுக்கத் தொடங்கினார். கட்டுத் தளர்ந்த கையால் படுக்கை விரிப்பின் நுனியைப் பிடித்து, "ஏலேலோ" என்று வலை இழுக்கிற அம்பாப் பாட்டை எடுத்து, முழு வார்ட்டுக்கும் கட்டளை போட்டார். "வலை மடியைப் பாருங்கோடா! மடி கிழியுது! அங்காலை இழுவடா!" மறுபக்கம் இழுக்க ஆளில்லை. அவர் தன் பலத்திலேயே கட்டிலிலிருந்து சரிந்துகொண்டிருந்தார். அற்றென்டன் இன்னொரு துணி எடுத்துக் கட்டப் போனான்.

பக்கத்துக் கட்டிலில் கந்தையர் என்று ஒரு கமக்காரர் இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அக்கராயனில் குளத்துத் தண்ணீரில் நெல் செய்கிறவர். காலில் மண்வெட்டி வெட்டிய புண். அவர் நொண்டிக்கொண்டு வந்து விரிப்பின் மற்ற நுனியைப் பிடித்தார்.

"என்ன செய்யிறீங்கள் ஐயா?"

"இழுக்கிறன், பிள்ளை. மற்றப் பக்கம் ஆளில்லாமல்தானே மனுசன் அவதிப்படுது."

"உங்களுக்குக் கரைவலை தெரியுமோ?"

"நான் கடலைக் கண்டே கனகாலம். இவர்தானே மண்டாடி, சொல்லுறதைச் செய்வம்."

அண்ணன் ஏலேலோ என்றார், கந்தையர் ஐலசா என்றார். அண்ணன் விட்டு இழு என்றார், கந்தையர் விட்டு இழுத்தார். கொஞ்சத்தில் அண்ணனின் குரல் தணிந்தது. வலை கரைக்கு வந்துவிட்டது போலும். விரிப்பை விட்டார். கந்தையர் அதை மடித்துப் போர்த்திவிட்டு, வெறுங்கையைத் தூக்கிக் காட்டி, "நல்ல மீன்பாடு மண்டாடியார்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் ஏறியது. "இண்டைக்குத் தாண்டவேணும்" என்று மட்டும் டொக்டர் சொன்னார். ஈரல் பழுதோ என்று பார்க்க இரத்தத்தையும் சிறுநீரையும் நானே சோதித்தேன். சிறுநீரில் பித்தம் இருந்தால் நுரை மஞ்சளாக நிற்கும். நுரை வெள்ளையாக இருந்தது. அதைச் சொல்ல வெளியே வந்தபோது மச்சாள் கதவடியில் நின்றா. ஆய்வுகூடத்தில் எத்தனையோ முடிவுகளை எழுதி அனுப்பியிருக்கிறேன். ஒரு முடிவுக்காகக் காத்திருக்கிறவரின் முகத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. அதன் பிறகு என் வேலையில் ஒரு முடிவைக்கூட மேசையில் கிடக்கவிட்டதில்லை.

கந்தையரின் மனைவி பிட்டும் கறியும் கொண்டுவந்து மச்சாளைச் சாப்பிட வைத்தா. பிறகு தயங்கித் தயங்கி, "எங்கடை பிள்ளையாற்றை விபூதி கொஞ்சம் கிடக்கு. உங்கடை ஆளுக்குப் பூசலாமோ, சமயம் வேறை..." என்றா.

"புதன்கிழமையும் பூசினவர்தான். இன்னொருக்காப் பூசுங்கோ அக்கா" என்றா மச்சாள்.

திங்கட்கிழமை விடியும்போது அண்ணனின் நெற்றி வேர்த்துக் குளிர்ந்திருந்தது. கண்ணை விழித்து நேரே மச்சாளைப் பார்த்தார்.

"ஞானம், ஏன் என்னைக் கட்டி வைச்சிருக்கிறியள்?"

மச்சாள் கட்டை அவிழ்க்கத் தொடங்கினா. அண்ணன் தலையைத் திருப்பினார். "இவர் ஆர்?"

"நான் உன்ரை வலைகாரன். கூலி இன்னும் தரேல்லை" என்றார் கந்தையர்.

வார்ட்டே சிரித்தது. நான் விறாந்தைக்குப் போய் அழுதுவிட்டு வேலைக்குப் போனேன்.

மிச்ச நாட்கள் உடம்பைத் தேற்றுவதில் போயின. பாதம் மரத்துப்போய், நிலத்தில் வைத்தால் மணலில் வைத்த மாதிரி இருக்கிறது என்றார். நரம்பு பி-ஒன்னைக் குடித்து மெல்ல எழும்பவேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் இல்லை. மீன் லொறிக்காரர் ஒவ்வொரு நடையிலும் புளியங்குளம் சந்தியில் நிறுத்தி வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்துப் போவார்.

ஒரு பின்னேரம் எங்கள் பெரியம்மா பை நிறையச் சாமானோடு வந்தா. முட்டை, பொரிவிளாங்காய்ப் பலகாரம், கடைசியில் ஒரு கறுத்தப் போத்தல்.

"திராட்சாரிட்டம். பரியாரியார் காய்ச்சினது. ரெண்டு கரண்டி குடிச்சால் இரத்தம் ஊறும்" என்று மூடியைத் திறந்து கரண்டியில் வார்த்தா.

நான் வாய் திறப்பதற்குள் மணம் கட்டிலுக்குப் போய்விட்டது. அண்ணனின் முகம் மாறியதைக் கண்டேன். கழுத்து நரம்பு எழும்பியது. அந்தக் கரண்டிக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது.

"பெரியம்மா," என்றார், "மூடியைப் பூட்டுங்கோ."

"மருந்தடா இது!"

"மருந்துதான். எனக்கில்லை. பூட்டுங்கோ."

பெரியம்மாவுக்குக் கோபம். கண் கலங்கிவிட்டது. நான் விளக்கினேன். அரிட்டம் என்பது பானையில் மூடி வைத்துப் புளிக்கவைக்கிற மருந்து, புளிக்கும்போது அதில் தானாகவே சாராயம் ஊறும். மற்றவர்களுக்கு அந்த அளவு ஒன்றும் செய்யாது, அண்ணனுக்கு ஒரு கரண்டியும் ஆகாது. பெரியம்மா போத்தலைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

"நான் காலமையும் பின்னேரமும் ரெண்டு கரண்டி குடிக்கிறனான்."

"ஓம் பெரியம்மா."

"ஆறேழு வருசமாய்."

"ஓம்."

"அப்ப நான் குடிகாரியோடி?"

கந்தையர் சிரிப்பை அடக்கமுடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். பெரியம்மா அந்தக் கரண்டியை வீணாக்காமல் தானே விழுங்கிவிட்டு, போத்தலைப் பைக்குள் வைத்தா.

எல்லாரும் போன பிறகு அண்ணன் ஒரு சந்தேகம் கேட்டார். இந்த ஊசியிலும் சாராய நெடி அடிக்கிறதே, நேர்த்தி முறிந்துவிட்டதா? அதற்கு விடை என் படிப்பில் இல்லை. அந்த வாரம் பங்குச் சுவாமி பார்க்க வந்தபோது அண்ணன் அவரிடமே கேட்டார்.

"மருந்து நேர்த்தியை முறிக்காது" என்றார் சுவாமி. பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "சவிரி, ஒரேயடியாய் விடு எண்டு பிரசங்கம் வைச்சவன் நான். உன்னை மாதிரி ஆட்கள் அப்பிடி விடக்கூடாதெண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்கவேணும்."

"நீங்கள் சொல்லாட்டி நான் விட்டிருக்கமாட்டன், சுவாமி."

"டொக்டர் சொல்லுறார், நாப்பது நாள் போதாதாம். இனி உனக்கு ஒரு கிளாசும் இல்லையாம்."

நாற்பது நாள் என்றால் அதற்கு ஒரு முடிவு தெரியும், இதற்கு முடிவில்லை. உயிர்த்த ஞாயிறு காலையில் வாடியடியில் சம்மாட்டி முதல் கிளாசை நீட்டுவார். எங்கள் எல்லாருடைய பயமும் அந்தக் காலையைப் பற்றியதுதான்.

பெரிய கிழமை என்கிற பரிசுத்த வாரத்துக்கு முன்பே அண்ணனை வீட்டுக்கு விட்டார்கள். உயிர்த்த ஞாயிறுக்கு நான் லீவில் போனேன். பூசை முடிந்து, வலைகாரரும் வீட்டாரும் வழக்கம்போல் வாடியடியில் கூடினோம். அண்ணன் ஒரு தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். சம்மாட்டியார் கிளாசை நிரப்பி நீட்டினார்.

"பிடி மண்டாடி. சனம் காய்ஞ்சுபோய் நிக்குது."

அண்ணன் வாங்கினார். மச்சாளின் நகம் என் கையில் பதிந்தது. கிளாசில் ஒரு அலைகூட இல்லை. அவர் கை நடுங்கவில்லை. அதைத் திருப்பிச் சம்மாட்டியாரிடமே கொடுத்தார்.

"எனக்கு இனித் தேத்தண்ணி, சம்மாட்டியார்."

"இண்டைக்கோ?"

"சீவியத்துக்கு."

பின்னால் ஒருவன், "தேத்தண்ணி மண்டாடி!" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். சம்மாட்டியார் சிரிக்கவில்லை.

"மண்டாடி குடியாமல் வலைகாரர் குடிச்ச வழக்கம் இந்தக் கரையிலை இல்லையடா."

"அப்ப எல்லாரும் தேத்தண்ணி குடியுங்கோ."

"ஐயோ, நாப்பது நாள் பொறுத்தது இதுக்கோ!" என்று தோணியில் தண்டு வலிக்கிற அந்தோனி தலையில் கை வைத்தார். மற்றவர்களும் முறுமுறுக்கத் தொடங்கினார்கள். மண்டாடியை மாற்றவேண்டியதுதான் என்றும் ஒரு குரல் கேட்டது. கடலைப் படிக்கிற அந்த வேலை போனால் அண்ணனுக்கு வேறு தொழில் இல்லை.

மச்சாள் என் கையை விட்டா. வாடிக்குள் போய்க் கேத்திலைத் தூக்கிக்கொண்டு வந்து, அதே மாதிரி ஒரு கிளாசில் தேநீரை வார்த்து, நேரே சம்மாட்டியாரிடம் கொடுத்தா. "நீங்கள் குடுங்கோ. உங்கடை கையாலை."

சம்மாட்டியார் அதைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், நீட்டினார். அண்ணன் ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளாசைக் கவிழ்த்துக் காட்டினார்.

"மண்டாடி குடிச்சிட்டான்" என்று சம்மாட்டியார் சத்தமாகச் சொன்னார். "கிளாசுக்குள்ளை என்னெண்டு வழக்கத்திலை இல்லை. மற்றாக்கள் வாங்கோ."

அவர்கள் சாராயத்தைக் குடித்தார்கள். ஆனால் கேத்தில் பக்கமும் இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் அந்தோனி. "சும்மா, ருசி பார்ப்பம்" என்றார்.

அடுத்த தவக்காலம் தொடங்குமுன் அதே அந்தோனி அண்ணனிடம் வந்து, "மண்டாடி, உன்னைக் கொண்டுபோன லொறி எப்ப வெளிக்கிடும்?" என்று கேட்டார். அவருக்கும் காலையில் கை நடுங்குகிறது, ஒருவருக்கும் சொல்லவில்லை.

அண்ணன் சுவாமியிடம் போனார். சுவாமி பிரசங்கத்தில் நேராகச் சொன்னார்: "நேர்த்தி வைக்க முந்தி, எவ்வளவு குடிக்கிறியள் எண்டதை வாயாலை சொல்லுங்கோ. தினம் குடிக்கிறவை முதல்லை சவிரிமுத்துவிட்டைப் போங்கோ, பிறகு என்னட்டை வாங்கோ." வீட்டில் பெயரை எடுக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு அந்த ஞாயிற்றுக்கிழமையோடு எங்கள் பங்கில் போனது. பாஸ்கு நாடக உடுப்புகள் வைக்கிற கோயில் அறையை அண்ணனும் வலைகாரரும் வெறுமையாக்கி, வெள்ளையடித்து, கட்டில்கள் போட்டார்கள். கோயிலுக்கென்று விடுகிற ஒரு நாள் மீனின் வரும்படியில் அங்கே சாப்பாடு. கடுமையாகக் குடிக்கிறவர்களை அண்ணன் முதலில் லொறியில் வவுனியாவுக்குக் கூட்டிப்போவார். அங்கே டொக்டர் பார்த்து, மருந்து கொடுத்து, திருப்பி அனுப்பிய பிறகு அந்த அறையில் தேறுவார்கள். மச்சாள் சமைப்பா. என்ன அறிகுறி தெரிந்தால் உடனே லொறியைக் கூப்பிடவேண்டும் என்பதை நான் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அதில் முதல் வரி, ஒருசந்தி பிடிக்கவேண்டாம் என்பது. சுவாமி அதன் கீழே கையெழுத்து வைத்திருக்கிறார்.

இப்போதைய நிலை இது. அண்ணன் குடிப்பதில்லை. கால் விரலில் மரப்பு கொஞ்சம் மிச்சம் உண்டு, தடி இல்லாமல் நடக்கிறார். மண்டாடியும் அவர்தான். அந்த அறைக்கு இதுவரை மூன்று பேர் வந்தார்கள். அந்தோனியும் இன்னொருவரும் குடியை விட்டு நிற்கிறார்கள். மூன்றாமவர் மறுபடி குடிக்கத் தொடங்கிவிட்டார். அவரைத் திங்கட்கிழமை லொறியில் அண்ணன் திரும்பக் கூட்டி வருகிறார். வார்ட்டில் கட்டில் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன்.